பற்று

முதலாளி அசகேல் திரஸ்கட் இறந்தபோது
ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது.
மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை.
ஐந்து வாரம் உப்புக் கிடங்கில் வைத்திருந்தோம்,
அவர் விலை சொல்லாத ஒரே சரக்காக.

பத்திரிகைக்காரன் வந்தான்.
"மேல் கனடாவின் சீர்திருத்தத் தூண் அல்லவா,
நாலு வரி சொல்லும்."
இருபத்தாறு ஆண்டு கணக்கு எழுதியவன் நான்.
எனக்கு வரி வராது.
பற்று வரும், வரவு வரும்.

வெர்மான்ட்டிலிருந்து ஒரு சறுக்குவண்டி.
அதில் தேயிலைப் பெட்டி இரண்டு,
ஆணிப் பீப்பாய் ஒன்று,
டார்க்கஸ் அம்மாள்,
எவரோடும் ஒத்துப்போகாத ஒரு தாடை.
இதுதான் முதல்.
காட்டை எரித்தவர்கள் சாம்பலைக் கொண்டுவந்தார்கள்.
வாங்கினார், காய்ச்சினார், பொட்டாஷாக
மாண்ட்ரியலுக்குப் படகேற்றினார்.
மரங்களுக்கடியில் மீன் உலர்த்தியவர்கள்
எங்கே போனார்கள் என்பதற்கு
எங்கள் பேரேட்டில் பக்கம் இல்லை.

வாக்குச்சீட்டு இல்லாத காலம் அது.
பலகை மேடையேறி
ஊர் கேட்கப் பெயரைக் கூவ வேண்டும்.
"திரஸ்கட்!" என்றான் கொல்லன் டகால்.
இரும்புக்கு நாலு பவுண்ட் நிலுவை.
"திரஸ்கட்!" என்றான் ஒற்றைக்கண் பீபடி.
மாவுக்கு ஒன்பது ஷில்லிங்.
கீழே நின்று எண்ணினேன்.
வாக்கை எண்ணினேனா, பாக்கியை எண்ணினேனா,
இன்றுவரை தெரியாது.

சபையில் அவர் பேசினால் கூரை அதிரும்.
ஏழில் ஒரு பங்கு நிலம் பாதிரிமாருக்கு,
மிச்சத்தில் நல்லது ஆளுநரின் மைத்துனர்களுக்கு,
நமக்குச் சதுப்பு, கொசு, பாலமில்லாத ஆறு.
ஊர் சிரித்தது. மேலவை சிரிக்கவில்லை.
பதினோரு மசோதா அனுப்பினார்,
பதினொன்றும் திரும்பின, புழுத்த மாவுபோல.
ஒவ்வொரு முறையும் வீடு வந்து
கோட்டைக் கழற்றுமுன்
கல்லாப்பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

அந்த டிசம்பர்.
பையன்கள் வந்து அரை அந்தர் ஈயம் கேட்டார்கள்.
வாத்து வேட்டைக்காம்.
ஏரி உறைந்தபின் வாத்து ஏது?
"எழுது" என்றார்.
எழுதினேன்.
அவர்களோடு அவர் போகவில்லை.
"சட்டப்படி" என்றார் ஜன்னலைப் பார்த்து,
"சட்டப்படிதான்."

போனவர்களில் பாதிப்பேர் திரும்பினார்கள்.
விடிந்தால் நீதிபதி பேரேடு கேட்பார்.
இரவில் அந்தத் தாளைக் கிழித்தார்.
"ஐயா, அதில் நூற்றுப்பத்து பவுண்ட் வரவேண்டியிருக்கிறது."
பதில் இல்லை.
அடுப்பில் போடுவார் என்று நினைத்தேன்.
சாம்பல் வியாபாரி அல்லவா,
சாம்பலை அவர் நம்பவில்லை.
வாயில் போட்டு மென்றார்.
டார்க்கஸ் அம்மாள் மெழுகுவத்தி பிடித்திருந்தாள்,
நடுநடுவே ரம் ஊற்றிக்கொடுத்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பின்
இருநூற்றுப் பதினைந்து எப்படி என்றான் அதிகாரி.
"எலி" என்றார்.
பதினான்கு வாரம் சிறை.

இத்தோடு முடித்தால் சிலை வைக்கலாம்.
ஆனால் வசந்தத்தில் மெகிட்டபெல் மன்னிங்ஸ் வீட்டுக்குப் போனோம்.
கணவனைக் கைதிக் கப்பல் கொண்டுபோயிருந்தது,
கிழிக்காத பக்கத்தில் அவன் கடன் இருந்தது.
பசுவை அவிழ்த்தார். கன்று பின்னாலேயே வந்தது.
"எழுது" என்றார்.
எழுதினேன்.

மண் இளகி அடக்கம் செய்த அன்று
அவளும் வந்திருந்தாள், மகனோடு.
ஈயம் வாங்கிய பையன்களில் ஒருவன் அவன்.
"பசுவை ஓட்டிப்போனவர்" என்றாள் என்னிடம்.
சற்று நேரம் கழித்து,
"இவன் பெயரை விழுங்கியவர்."
இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்.
எதை எந்தப் பத்தியில் போடுவது?

பத்திரிகையில் நாலு வரி வந்தது.
கட்டணம் ஏழு ஷில்லிங்.
அவர் பற்றில் எழுதியிருக்கிறேன்.